நட்சத்திரத் தண்ணீரும் டாலி ஆகாத கணக்கும்

பி.காம். படித்தவனுக்கு நட்சத்திரத்தோடு என்னய்யா வேலை என்று முகத்தைச் சுளிக்கும் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரமும் கணக்கு சமாசாரம்தான் ஸார். இரண்டு கோஷ்டி போட்ட கணக்கு டாலி ஆகவில்லை. ஒரு கோஷ்டி பதினாலாயிரம் என்றது. இன்னொன்று ஏழாயிரத்துச் சொச்சம் என்றது. ரூபாயாக இருந்தால் கேஷியரைக் கூப்பிட்டு இரண்டு அதட்டல் போட்டால் தீர்ந்தது. இது ஒளி ஆண்டு. பல வருஷம் இழுத்த இந்தப் பஞ்சாயத்தை யார் வந்து தீர்த்தார்கள் தெரியுமோ? ஒரு பக்கம் எரிசாராயம், ஒரு பக்கம் தண்ணீர். நிஜமாகவே எச்2ஓ.

அவசரப்படாமல் வருகிறேன்.

மார்கழி, தை ராத்திரிகளில் சாப்பாடானதும் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரம் க்யூவில் நிற்கிற மாதிரி சீராக நிற்கும். ஓரையன். நம் பஞ்சாங்கத்தின் மிருகசீரிஷமும் திருவாதிரையும் குடியிருக்கிற ஏரியா. அந்த மூன்றுக்குச் சற்றுத் தெற்கே, வெள்ளைச் சாக்பீஸை விரலால் தேய்த்துவிட்டது போல ஒரு மங்கல் தெரியும் (கண் நன்றாக இருந்தால், தெருவிளக்கு சரியாக இல்லாமல் இருந்தால்). அதன் பெயர் ஓரையன் நெபுலா. சுமார் 1,350 ஒளி ஆண்டு தூரம். அதற்குப் பின்னால் தூசியும் வாயுவும் அடைத்துக்கொண்டிருக்கிற ஒரு மேகத்தில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

பிரசவ வார்டு வாசலில் நின்றிருக்கிறீர்களா? கதவு சாத்தியிருக்கும். உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நிற்போம். நட்சத்திரப் பிரசவத்திலும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அந்தத் தூசியைத் தாண்டி வராது. ரேடியோ அலை வரும். அப்படி வருகிற அலைகளில் ரொம்பக் கணீரென்று ஒலிப்பது தண்ணீர் மூலக்கூறு போடுகிற சத்தம். அலைநீளம் 1.35 செ.மீ. வினாடிக்கு 2,223 கோடித் தடவை துடிக்கிறது.

இந்தச் சத்தத்துக்கு மேஸர் என்று பெயர். அது என்ன என்று புரிய, வாஷிங்டனில் ஒரு பார்க் பெஞ்சுக்குப் போக வேண்டும்.

1951 ஏப்ரல். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் சார்லஸ் டௌன்ஸ் ஒரு கமிட்டி மீட்டிங்குக்காக வந்தவர், விடியற்காலையிலேயே முழிப்பு வந்துவிட, ஃபிராங்க்ளின் பார்க்கில் போய் உட்கார்ந்தார். இன்னும் சின்ன அலைநீளத்தில் ரேடியோ அலை தயாரிப்பது எப்படி என்பதுதான் கமிட்டியின் கவலை. மனிதன் செய்கிற சாமான்களுக்கு அது கைவராது. மூலக்கூறுகளையே செய்யச் சொன்னால் என்ன என்று தோன்றியது டௌன்ஸுக்கு. பையில் கிடந்த கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். உருப்படியான விஷயங்கள் மீட்டிங்குக்கு முன்னால்தான் நடக்கின்றன என்பதை உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு வருடம் போயிற்று. பணம் கரைந்தது. கருவி அசையவில்லை. டிபார்ட்மெண்டின் பழைய தலைவர் ராபியும் அப்போதைய தலைவர் குஷும் ஒரு நாள் நேராக அறைக்கே வந்துவிட்டார்கள். இது நடக்கிற காரியமில்லை, காசை வீணாக்காமல் நிறுத்திக்கொள்ளும் என்றார்கள். வந்தவர்கள் லேசுப்பட்ட ஆசாமிகள் இல்லை. ராபி 1944-லேயே நோபல் பரிசு வாங்கியவர். குஷ் 1955-ல் வாங்கப்போகிறவர். டௌன்ஸுக்கோ வேலை நிரந்தரமாகியிருந்தது. முடியாது ஸார் என்று சொல்லிவிட்டார். கன்ஃபர்மேஷன் ஆர்டர் கையில் இருப்பவனின் தைரியமே தனி! சுமார் மூன்று மாதத்தில், 1954 ஏப்ரலில், கருவி வேலை செய்தது. செலவு பிடிக்கிற ஆராய்ச்சிக்குக் காசு கறக்க ஒரு வழி என்பதன் சுருக்கம்தான் மேஸர் என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1964-ல் ரஷ்யர்கள் பாஸோவ், புரோகோரோவ் இருவரோடு டௌன்ஸ் நோபல் வாங்கினார்.

சரி, மேஸர் என்றால்?

நம் செக்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். செக்ஷன் மாடியில். மணி ஐந்து இருபத்தைந்து. எல்லாரும் ஃபைலைப் பார்க்கிற மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் டிராயரைச் சாத்திவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்குகிறார். அதைப் பார்த்து அடுத்த ஸீட். அதைப் பார்த்து அதற்கடுத்த நாலு ஸீட். ஐந்தரைக்கு மாடிப்படியில் ஒரே திசை, ஒரே தடதட. மூலக்கூறுகளும் இப்படித்தான். சக்தியில் மேல்மாடியில் இருக்கிற தண்ணீர் மூலக்கூறு பக்கம் சரியான அலை ஒன்று போனால், அதுவும் கீழே இறங்கி அச்சாக அதே அலையை அதே திசையில் அனுப்பும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, மேகத்தின் மறுமுனைக்கு வரும்போது பிரளயமாக வரும்.

ஒரு கண்டிஷன் உண்டு. மாடியில் கூட்டம் அதிகமாக இருக்க வேண்டும். சாதாரண வாயுவில் கூட்டம் எப்போதும் கீழ்த்தளத்தில்தான். அவர்கள் வருகிற அலையை விழுங்கிவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். விஷயம் அதோடு முடிந்தது. அதனால் யாராவது ஓயாமல் மேலே தூக்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தூக்கி விடுகிற வேலைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் பம்ப். தண்ணீரை மாடிக்கு ஏற்ற பம்ப் வேண்டும் என்பது நமக்கென்ன புதுசா!

டௌன்ஸ் 1954-ல் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததை ஆகாயம் யுகயுகமாகச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. 1965-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரேடியோ வானியல்காரர்களுக்கு ஒரு சத்தம் கிடைத்தது. எதிர்பார்த்த மாதிரி எதுவும் இல்லாததால் ‘மிஸ்டீரியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது ஹைட்ராக்ஸில் மூலக்கூறு, மேஸராகப் பாடிக்கொண்டிருந்தது. 1967-ல் டௌன்ஸே பெர்க்லிக்கு வந்து சேர்ந்தார். ஜாக் வெல்ச் முதலானவர்களோடு ஹாட் க்ரீக் என்ற இடத்திலிருந்த ஆறு மீட்டர் டிஷ்ஷைத் திருப்பினார். முதலில் அம்மோனியா கிடைத்தது. அடுத்து தண்ணீர். ஓரையனில் இருந்தது, இன்னும் இரண்டு இடங்களிலும் இருந்தது. 1969-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்தது சேதி. இவ்வளவு சத்தம் சாதாரணத் தண்ணீர் போடாது, மேஸர்தான் என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. டபிள்யூ49 என்கிற மேகத்தின் தண்ணீர் மேஸர்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஒற்றை அலைவரிசையில் மட்டும் கொட்டுகிற சக்தி, நம் சூரியன் மொத்தமாகக் கொட்டுகிற அளவு!

அங்கே பம்ப் செட் யார் வைத்தது? பிறக்கிற நட்சத்திரமேதான். அது இருபக்கமும் வாயுவைப் பீய்ச்சி அடிக்கிறது. அது சுற்றியுள்ள மேகத்தில் போய் மோதுகிறது. மோதின இடத்தில் சூடு ஏறி, தண்ணீர் உண்டாகி, மூலக்கூறுகள் மாடி ஏறிவிடுகின்றன. ஆக, தண்ணீர் மேஸர் எங்கே கேட்கிறதோ அங்கே ஒரு மோதல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதுவரை சத்தம்தான் கேட்டது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வரைபடம் போட வேண்டாமா? ஆறு மீட்டர் டிஷ்ஷின் பார்வை ரொம்ப மொண்ணை. பௌர்ணமி நிலவின் அகலத்தில் கால்வாசி வரை எல்லாம் ஒரே கொழகொழா. பார்வை கூர்மையாக வேண்டுமானால் டிஷ் பெரிசாக வேண்டும். எவ்வளவு பெரிசு? ஒரு கண்டம் அளவுக்கு. எந்த கான்ட்ராக்டர் கட்டுவார்?

கட்ட வேண்டாம் என்பதுதான் இன்டர்ஃபெராமீட்டர் தந்திரம். இரண்டு டிஷ்களை ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி வைத்து ஒரே இடத்தைக் கேட்கச் சொல்வார்கள். ஒரு டிஷ்ஷுக்கு அலை துளி முன்னால் வந்துசேரும், இன்னொன்றுக்குத் துளி பின்னால். அந்தத் துளி தாமதத்தில்தான் திசை ஒளிந்திருக்கிறது. நம் இரண்டு காதும் பஸ் ஹாரன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது ஏறக்குறைய இதே முறையில்தான். காதுகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். 1993-ல் திறப்பு விழா கண்ட அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ. என்கிற ஏற்பாட்டில் 25 மீட்டர் டிஷ் பத்து. ஒரு கோடி ஹவாய்த் தீவில், மறுகோடி கரீபியன் கடலில் வர்ஜின் தீவில். நடுவில் எட்டாயிரத்து அறுநூறு கி.மீ. ஜப்பான்காரர்கள் நாலு டிஷ்ஷை வைத்து ‘வேரா’ என்று ஒன்று நடத்துகிறார்கள்.

பத்து டிஷ்ஷையும் ஒயர் போட்டு இணைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் வருகிற அலையை அப்படியே டேப்பில் பதிவு செய்து, பார்சல் கட்டி, நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் ஸொக்கோரோ என்ற ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிற்பாடு டேப் போய் ஹார்ட் டிஸ்க் வந்தது; பார்சல் மாறவில்லை. அங்கே ஒரு ராட்சசக் கணிப்பொறி பத்துப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்க்கும். அலை வந்த நேரம் துல்லியமாகக் குறித்திருந்தால்தான் ஒட்டும். அதற்கு ஒவ்வொரு டிஷ் பக்கத்திலும் ஒரு கடிகாரம். ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கி அதில் நாலைந்து துண்டு அளவுதான் பிசகும். அந்தக் கடிகாரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? மேஸர்! ஹைட்ரஜன் மேஸர். பாம்பின் கால் பாம்பறியும்.

இப்படி மாய்ந்து மாய்ந்து போட்ட வரைபடத்தில் அழகான மேகமெல்லாம் வராது. புள்ளிகள் வரும். கல்யாண வாசல் கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்காமல் விட்ட மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தின் அளவு. புள்ளி எங்கே என்பது தெரியும். அலைவரிசை சற்று ஏறி இறங்கியிருப்பதை வைத்து நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, என்ன வேகம் என்பதும் தெரியும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதும் தெரிந்துவிடும். இழையை நாம் இழுத்துக்கொள்ளலாம்.

ஸெஃபியஸ் ஏ என்ற மேகத்தில் ஸ்பெயினின் தொர்ரெல்லெஸ் குழு இப்படிப் புள்ளி வைத்தது. இளம் நட்சத்திரம் இரண்டு பக்கமும் பீய்ச்சும் என்பதுதான் பாடப்புத்தகம். வந்ததோ ஒரு வில். அதை நீட்டினால் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிசகு. யாரோ சோப்புக் குமிழி ஊதின மாதிரி நட்சத்திரம் எல்லாத் திசையிலும் சமமாக வாயுவைத் தள்ளியிருக்கிறது, அதுவும் பார்த்த சமயத்துக்கு முப்பத்துச் சொச்சம் வருஷம் முன்னால்தான். 2001-ல் இதை வெளியிட்டபோது ஏன் அப்படி என்று அவர்களுக்கே விளங்கவில்லை. பாடப்புத்தகத்தின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

டபிள்யூ75என் என்ற இன்னொரு மேகத்தில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே ஒரு குழந்தை நட்சத்திரம். 1996-ல் அதன் காற்று உருண்டையாக இருந்தது. 2014-ல் நீள்வாட்டமாகி, பீய்ச்சுகிற உருவத்துக்கு வந்துவிட்டது. சுற்றியிருந்த தண்ணீர்ப் புள்ளிகளின் வட்டமும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே வந்தது. நட்சத்திரக் கதை என்றாலே கோடி, லட்சம் வருஷம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இங்கே பதினெட்டே வருஷம்! ஒரு எல்.டி.சி. சூப்பரின்டெண்டெண்ட் ஆகிற நேரத்தில் ஒரு நட்சத்திரம் குணம் மாறுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இனி நம் பஞ்சாயத்துக்கு வருவோம்.

வானத்தில் எதையும் எடை போட, வெளிச்சம் அளக்க, வயசு சொல்ல, முதலில் தூரம் வேண்டும். அதுதான் ஓப்பனிங் பாலன்ஸ். அதில் பிசகினால் ஒவ்வொரு பக்கமும் பிசகு. தூரத்தை இரண்டு மடங்கு என்று எழுதினால் நட்சத்திரத்தின் பிரகாசம் நாலு மடங்காகிவிடும். டபிள்யூ3 என்ற மேகம் நம் பால்வீதியின் பெர்ஸியஸ் கையில் இருக்கிறது. பால்வீதி சுற்றுகிற வேகத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள் அதற்குச் சுமார் 14,000 ஒளி ஆண்டு என்றார்கள். அங்குள்ள நட்சத்திரங்களின் பிரகாசத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள் 7,200 என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்நூறு ஆயிரம் என்றால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளலாம். இது பாதிக்குப் பாதி! கணக்கில் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று எங்கள் காலேஜில் ஒரு குறுக்கு வழி சொல்லித்தருவார்கள். வானியலில் அந்த வசதி கிடையாது.

நேர்வழி ஒன்று உண்டு. கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் குதிக்கும். ஸ்கூலில் இடமாறு தோற்றம் என்று படித்தது. பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறதல்லவா? அதுதான் நம் இரண்டு கண். அந்த ஆறு மாதத்தில் மேஸர் புள்ளி எவ்வளவு குதித்தது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். யூகம், அனுமானம் எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்பு முக்கோணம் போதும். ஆனால் குதிக்கிற அளவு இருக்கிறதே... ஓரையனுக்கு அந்தக் கோணம், சென்னையில் உட்கார்ந்து டெல்லியில் நிற்கிற ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தை அளப்பது போல. இத்தனைக்கும் ஓரையன் நமக்குப் பக்கத்து வீடு.

போதாக்குறைக்கு இரண்டு இடைஞ்சல். ஒன்று, தண்ணீர் மேஸர் புள்ளிகள் நிலையில்லாத குடித்தனக்காரர்கள். சில மாதத்தில் காலி செய்துவிட்டுப் போய்விடும். வருஷம் முழுக்க இருக்கிற புள்ளியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டாவது, நம் காற்றில் இருக்கிற ஈரம். மேகமும் நீராவியும் அலையைத் தாமதப்படுத்தி அளவைக் கெடுத்துவிடும். ஆகாயத் தண்ணீரைப் பார்க்க விடாமல் வழிமறிப்பதும் தண்ணீர்தான்! ஜப்பானின் வேரா டிஷ்கள் இதற்காகவே ஒரே சமயத்தில் இரண்டு திசை பார்க்கும். ஒரு கண் மேஸர் மேல், இன்னொரு கண் கோடானுகோடி ஒளி ஆண்டுக்கு அப்பால் அசையாமல் நிற்கிற குவேஸார் மேல். இரண்டும் சேர்ந்து ஆடினால் அது காற்றின் சேஷ்டை, கழித்துவிடலாம்.

2006-ல் வி.எல்.பி.ஏ. மூலம் இரண்டு குழுக்கள் டபிள்யூ3-ஐ அளந்தன. ஒரு குழு பிடித்தது மெத்தனால் மேஸரை. (கள்ளச்சாராயச் சாவு என்றால் பேப்பரில் அடிபடுமே, அதே மெத்தனால்.) 6,360 ஒளி ஆண்டு என்றது. இன்னொரு குழு தண்ணீர் மேஸரைப் பிடித்து 6,650 என்றது. இரண்டு பேரும் தங்கள் பிசகு நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஆக டாலி! பதினாலாயிரக் கோஷ்டி தோற்றது. அவர்கள் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அங்குள்ள மேகம் வட்டப் பாதையில் ஒழுங்காகச் சுற்றுகிறது என்று நம்பிவிட்டார்கள். அது வினாடிக்கு 22 கி.மீ. வேகத்தில் தன் இஷ்டத்துக்கு வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் தூரத்தை நம்பியிருந்தால் அங்குள்ள நட்சத்திரங்களின் பிரகாசம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு கூடிப்போயிருக்கும். வேகத்தை வைத்துத் தூரம் எழுதிய மற்ற மேகங்களின் கதி என்ன என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவர்களுக்கும் தோன்றியது.

ஒவ்வொன்றாக ஆடிட் பண்ண ஆரம்பித்தார்கள். மார்க் ரீட், கார்ல் மென்டன் போன்றவர்கள் தலைமையில் வருஷக்கணக்காக நடந்தது. 2017-ல் சன்னா என்பவரின் குழு பால்வீதியின் மையத்தையும் தாண்டி மறுபக்கத்தில் ஒரு தண்ணீர் மேஸரை அளந்துவிட்டது. 66,000 ஒளி ஆண்டுக்கு மேல். அந்த ரூபாய் நாணயத்தை இப்போது ஒரு லட்சம் கி.மீ. தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் ஏறக்குறைய இருநூறு மேஸர்களை வைத்து மொத்த வரைபடத்தையே வெளியிட்டார்கள். நமக்கும் பால்வீதியின் மையத்துக்கும் 26,600 ஒளி ஆண்டு. சுற்றுகிற வேகம் வினாடிக்கு 236 கி.மீ. 1985-லிருந்து அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டிருந்த தூரம் 27,700, வேகம் 220. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வீட்டின் பிளானைப் போடுவது எவ்வளவு சிரமம் என்பது பி.டபிள்யூ.டி.காரர்களுக்குப் புரியும்.

டௌன்ஸ் 2015 ஜனவரியில், தொண்ணூற்றொன்பது வயதில் காலமானார்.

அந்த 2019 வரைபடத்தில் ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்டக் காலி. வி.எல்.பி.ஏ., வேரா இரண்டும் பூமியின் வடபாதியில் இருப்பதால் தென்வானத்தின் மேகங்கள் அவற்றுக்கு எட்டவில்லை. நம் புனே பக்கத்து ஜி.எம்.ஆர்.டி.க்குத் தண்ணீரின் அலைவரிசை கிடையாது. அது அதைவிட நீளமான அலைகளுக்கானது. ஆஸ்திரேலியா மாதிரி தெற்கத்திய தேசத்து டிஷ்கள்தான் இந்தப் பக்கத்தை எழுதியாக வேண்டும். சித்திரை மாதத்தில் ராத்திரி பத்து மணி வாக்கில், தெற்கே கட்டிடம் மறைக்காத மாடியாகப் பார்த்து ஏறினால், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். காலியாக விட்டிருக்கிற பக்கம் அங்கேதான் இருக்கிறது.